இலத்தீன் என்னும் பெயரும் கெச்சுவாவின் குரலும்

பழகிப்போன பெயர்களின் பொருளை நாம் கேட்பதில்லை. தமிழகத்துக் கத்தோலிக்கராகிய நம்மில் மிகப் பெரும்பாலோரை 'இலத்தீன் வழிபாட்டு முறையினர்' என்று திருச்சபையின் ஏடுகள் குறிக்கின்றன. நம் இல்லங்களில் எவரும் இலத்தீன் பேசியதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டுத் தாய்மொழிகளுக்குக் கதவு திறந்த பின்னர், கோவிலிலும் அம்மொழி அருகிவிட்டது. ஆயினும் பெயர் நிலைத்திருக்கிறது. இப்பெயரைத் தாங்கி நிற்கும் நமக்கு, இதே பெயரைத் தாங்கி நிற்கும் மற்றொரு மக்கட் பெருந்திரளின் கதை முற்றிலும் அயலானதன்று. மெக்சிகோவின் வடவெல்லையிலிருந்து தென்முனை வரை நீண்டுகிடக்கும் நிலப்பரப்பை உலகம் 'இலத்தீன் அமெரிக்கா' என்றழைக்கிறது. அங்கும் எவர் வீட்டிலும் இலத்தீன் பேச்சுமொழியன்று. அதன் வழித்தோன்றல்களான இசுபானியமும் போர்த்துக்கீசியமுமே பெருவழக்கு. உறவுடைய மொழிகள் என்னும் ஒரே கயிறு இத்தனை நாடுகளை ஒரு பண்பாட்டு வட்டாரமாகக் கட்டிவிடுமா? கட்டும் எனில், அக்கயிற்றுக்கு வெளியே நிற்போர் யார்? அந்நாடுகளின் இலக்கியத்தைக் கையிற்கொண்டே இவ்வினாக்களை அணுக விழைகிறோம்.

இலத்தீன் சிதைந்து புதுமொழிகள் பிறந்த செய்தியை முதன்முதலில் உணர்ந்து எழுதி வைத்தோருள் ஆயர்களும் இருந்தனர் என்பது நம் வாசகர்க்கு மகிழ்வூட்டும். 813ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுத் தூர் நகரில் கூடிய சங்கம், மறையுரைகளை மக்கள் விளங்கிக்கொள்ளும் வண்ணம் நாட்டுப்புற உரோமை மொழியிலோ செருமானியப் பேச்சிலோ பெயர்த்துரைக்கப் பணித்தது. மக்கள் இலத்தீன் பேசுவதாக எண்ணிக்கொண்டே வேறொன்றைப் பேசத் தொடங்கிவிட்டனர் என்பதற்கு அது சான்று. அந்த 'வேறொன்று' காலப்போக்கில் பிரெஞ்சாகவும் இசுபானியமாகவும் போர்த்துக்கீசியமாகவும் இத்தாலியமாகவும் பிரிந்து வளர்ந்தது. ஒன்று பலவாவதற்குப் பேரழிவு எதுவும் வேண்டுவதில்லை. சில நூற்றாண்டுகளும், ஒருவரையொருவர் கேளாமையும் போதும். இதனை மனத்திற் கொள்க. பின்னர் ஒரு பெரியவரின் அச்சத்தை விளங்கிக்கொள்ள இது உதவும்.

'இலத்தீன் அமெரிக்கா' என்னும் பெயரோ மிகப் பிந்தையது. அமெரிக்கக் கண்டத்தின் தென்பாகம் இலத்தீன் இனத்தாரும் கத்தோலிக்கருமானோர் உலகு, வடபாகம் செருமானிய இனத்தாரும் புரொட்டஸ்தாந்தருமானோர் உலகு என்று 1836இல் பிரிவினை செய்து காட்டியவர் மிஷேல் செவாலியே என்னும் பிரெஞ்சு அறிஞர். பின்னர் ஐக்கிய அமெரிக்கா மெக்சிகோவின் பாதி நிலத்தை 1848 உடன்படிக்கையால் கைக்கொண்டது. வில்லியம் வாக்கர் என்னும் வடநாட்டான் 1855இல் கூலிப்படையுடன் நிக்கராகுவாவிற் புகுந்து, மறு ஆண்டில் தன்னையே நாட்டுத் தலைவனாக அறிவித்துக்கொண்டான். அந்த 1856இல்தான் பாரிசில் வாழ்ந்த சிலி நாட்டவர் பிரான்சிஸ்கோ பில்பாவோவும், கொலம்பிய நாட்டவர் தோரஸ் காய்செதோவும் தத்தம் எழுத்தில் இப்பெயரை ஆண்டனர். வடக்கிலிருந்து வரும் வல்லடிக்கு எதிராகத் தெற்கத்தியர் ஒன்றுகூட ஒரு பெயர் தேவைப்பட்டது. பொதுவாக இருந்த மொழியுறவு அப்பெயரைத் தந்தது. அஞ்சியவன் கூட்டம் சேர்க்கக் கண்ட சொல் அது.

அச்சொல் அவர்கள் கையிலேயே நிற்கவில்லை. பிரெஞ்சுப் பேரரசன் மூன்றாம் நெப்போலியன், தானே இலத்தீன் இனத்தாரின் காவலன் என்று கூறிக்கொண்டு மெக்சிகோவிற் படை இறக்கினான். ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனை 1864இல் அங்கு அரியணை ஏற்றினான். 1867 சூனில் கெரெத்தாரோ நகரில் மாக்சிமிலியன் சுட்டுக் கொல்லப்பட்டதோடு அக்கூத்து முடிந்தது. பில்பாவோவே அப்படையெடுப்பைக் கண்டித்து 1862இல் நூலெழுதினார். காப்பதற்கென ஆண்ட சொல் கவர்வதற்கும் பயன்பட்டதைக் கண்ட மனிதர் அவர். இன்னொரு நயமும் இங்குண்டு. பில்பாவோ திருச்சபையைத் தாக்கி எழுதியமைக்காகத் தம் நாட்டில் தண்டிக்கப்பட்டவர். அவர் ஆண்ட பெயரையே, அந்நாடுகளின் குருமாணவர்க்கென 1858இல் உரோமையில் தொடங்கப்பெற்ற கல்லூரியும் பின்னர் ஏற்றது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1899இல் உரோமையிற் கூட்டிய ஆயர் சங்கமும், 1955இல் ரியோ தெ ஜனேரோவில் உருவான ஆயர் பேரவையும் அப்பெயரைத் தாங்கியவையே.

மொழியுறவுதான் வட்டாரத்தின் இலக்கணம் எனில், கனடாவின் கியூபெக் மாநிலம் பிரெஞ்சு பேசுகிறது; கத்தோலிக்க மரபிலும் ஊறியது. எனினும் அதனை இலத்தீன் அமெரிக்கா என்பார் அரியர். 1804இல் அடிமைத்தளையை உடைத்து விடுதலை பெற்ற ஹெய்ட்டி, பிரெஞ்சின் பொருட்டுச் சில வேளை உள்ளே சேர்க்கப்படுகிறது. அங்குள்ள மக்கள் நாள்தோறும் பேசுவதோ அவர்களே ஆக்கிக்கொண்ட கிரியோல் மொழி. ஆக, மொழி மட்டுமே எல்லை வகுக்கவில்லை. யாரால் வெல்லப்பட்டோம், யாரால் மிரட்டப்பட்டோம் என்னும் நினைவும் உடன்நின்று வகுத்தது.

இதனாற் பொதுமொழியின் பயனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அது வெறும் பெயர்ப்பலகையன்று, குடியிருக்கத்தக்க வீடு. அவ்வீட்டிற்குத் தூண் நட்டவருள் முதல்வர் ஆந்திரேஸ் பெல்லோ. 1781இல் வெனிசுவேலாவின் கராக்காசிற் பிறந்து, நெடுங்காலம் இலண்டனில் வறுமையோடு வாழ்ந்து, இறுதியிற் சிலியிற் குடியேறி, அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராய் விளங்கியவர். அமெரிக்கரின் பயன்பாட்டுக்கென்றே ஓர் இசுபானிய இலக்கணத்தை 1847இல் வெளியிட்டார். உரோமைப் பேரரசு வீழ்ந்தபின் இலத்தீனுக்கு நேர்ந்தது தம் மொழிக்கும் நேருமோ என்பதே அவருடைய அச்சம். இசுபானியப் பேரரசு உடைந்து பல குடியரசுகள் தோன்றிவிட்டன. ஒவ்வொரு நாடும் தன் போக்கிற் பேசத் தலைப்பட்டால், சில தலைமுறைகளில் சிலியரும் மெக்சிகரும் ஒருவர் நூலை மற்றவர் படிக்க மாட்டார்களாவரே என்று அவர் கலங்கினார். அதே வேளை, மாட்ரிட் நகரத்தாரின் வழக்கே செப்பம் என்பதையும் அவர் ஏற்கவில்லை. அமெரிக்கரின் நல்வழக்குகளுக்கும் உரிமை உண்டென்றார். ஒற்றுமைக்காக அடிமைத்தனத்தையும், உரிமைக்காகச் சிதைவையும் ஏலாத இந்த நடுநிலை இலக்கண ஆசிரியர்களிடம் அரிதாகக் காணப்படுவது.

அவர் காத்த வீட்டிற் குடியிருந்தோரைப் பாருங்கள். நிக்கராகுவாவின் சிற்றூரில் 1867இற் பிறந்த ரூபன் தாரியோ, தம் புகழ்பெற்ற 'நீலம்' என்னும் நூலை 1888இல் சிலியின் வல்பராய்சோ துறைமுகத்தில் அச்சிட்டார்; அடுத்த பெருநூலைப் புவனோஸ் ஐரிசில் வெளியிட்டார்; பின்னர் இசுபானியாவின் கவிஞர்களே அவரிடம் பாடங்கேட்கும் நிலை வந்தது. சிலியின் எல்க்கி பள்ளத்தாக்கில் ஊர்ப் பள்ளி ஆசிரியையாய்த் தொடங்கிய கபிரியேலா மிஸ்திராலை 1922இல் மெக்சிகோ அரசு தன் கல்விச் சீரமைப்புக்குத் துணைசெய்ய அழைத்தது. அங்குள்ள மாணவியர்க்கென அவர் வாசகத் தொகுப்பொன்றை ஆக்கித் தந்தார். தன் நாட்டு ஆசிரியை பல்லாயிரம் கல் தொலைவில் மற்றொரு நாட்டுப் பெண்களுக்குப் பாடநூல் எழுதுகிறார். மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்படவில்லை. 1945இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற முதல் இலத்தீன் அமெரிக்கர் அவரே. அச்செய்தி கிட்டியபோது அவர் பிரேசிலில் சிலியின் தூதரகப் பணியில் இருந்தார்.

பிரேசிலைக் குறிப்பிட்டுவிட்டோம். கண்டத்தின் மிகப் பெரிய நாடு, பேசுவதோ போர்த்துக்கீசியம். இசுபானியமும் அதுவும் உடன்பிறப்புகள். எனினும் உடன்பிறந்தோர்க்கிடையே உள்ள புறக்கணிப்பும் உண்டு. 1960களில் உலகம் வியந்த இலத்தீன் அமெரிக்க நாவல் எழுச்சியைப் பேசுவோர் கார்சியா மார்க்கேசையும் கோர்த்தசாரையும் பூவென்தேசையும் வார்கஸ் யோசாவையும் எண்ணுவர். பிரேசிலியர் எவரும் அப்பட்டியலில் எளிதில் இடம்பெறார். இங்கொரு சிறு கிளைச்செய்தி. நம் சன்னலும் சாவியும் மேசையும் அலமாரியும் போர்த்துக்கீசியர் தந்த சொற்கள். ஈழத்தார் காலில் அணியும் சப்பாத்தும் அவ்வாறே. அன்னாசிப் பழத்தையும் அவர்கள்தாம் தந்தனர். ஆனால் அச்சொல் அவர்களுடையதன்று. தென் அமெரிக்கப் பூர்வகுடிகளாகிய துப்பி, குவரானி மக்களின் சொல் அது. இலத்தீன் வழியில் வந்த ஒரு மொழியின் மடியில் ஒளிந்துகொண்டு, அவ்வழிசாராத ஒரு சொல் நம் சந்தை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஒளிந்துகொண்டு என்று எழுதியது தற்செயலன்று. நெப்ரிகா என்னும் அறிஞர் இசுபானிய மொழிக்கு இலக்கணம் கண்டு, பேரரசுக்கு மொழியே உற்ற துணை என்னும் கருத்துடன் அரசி இசபெல்லாவுக்குக் காணிக்கையாக்கியது 1492இல். கொலம்பசு கடல் கடந்ததும் அவ்வாண்டே. ஆனால் தொடக்கத்தில் மறைபணியாளர்கள் வேறு வழி கண்டனர். தொமினிக்கன் சபைத் துறவி தொமிங்கோ தெ சாந்தோ தோமாஸ் பெரு நாட்டுக் கெச்சுவா மொழிக்கு இலக்கணம் எழுதி 1560இல் அச்சேற்றினார். ஆங்கிலத்திற்கு முதல் இலக்கணம் அச்சாகியது அதன்பின் 26 ஆண்டுகள் கழித்தே. தென் அமெரிக்காவில் அச்சிடப்பட்ட முதல் நூல், லீமா சங்கத்தின் பணிப்பால் இசுபானியம், கெச்சுவா, ஐமாரா ஆகிய மும்மொழிகளில் 1584இல் வெளிவந்த மறைக்கல்வி நூலாகும். இயேசு சபை அருட்தந்தை அன்றிக்கே அன்றீக்கசின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சானதை நினைவுகூர்வோர், ஒரே காலத்தில் ஒரே உந்துதல் இரு கடற்கரைகளிலும் வேலை செய்ததை உணர்வர். 2014இற் புனிதராக அறிவிக்கப்பெற்ற அன்சியேத்தா பிரேசிலில் துப்பி மொழிக்கு இலக்கணமும் நாடகங்களும் ஆக்கியதும் இவ்வரிசையிற் சேரும். பின்னர் வந்த அரசாணைகள் அக்கதவை மூடின. பிரேசிலில் மக்களின் பொதுமொழியை 1757இல் போர்த்துக்கல் அரசு தடுத்தது. பூர்வகுடிகளின் மொழிகள் மறையட்டும், இசுபானியம் ஒன்றே நிலைக்கட்டும் என்று மூன்றாம் சார்லசு மன்னன் 1770இல் ஆணையிட்டான். விடுதலை பெற்ற குடியரசுகள் மன்னனைத் துரத்தின; அவனது மொழிக்கொள்கையைத் துரத்தவில்லை. பள்ளிக்கூடங்கள் வழியே அதனை அவை முன்னினும் வல்லமையோடு நிறைவேற்றின. பெல்லோ கட்டிய வீட்டிற்கு இதுவும் ஓர் அடித்தளம் என்பதை மறைப்பது நேர்மையாகாது.

இனி, அந்த வீட்டிற்குள் இருந்துகொண்டே அதன் சுவரைத் தட்டிப் பார்த்த இருவரைப் பற்றி. முன்னவர் இன்கா கார்சிலாசோ. 1539இல் கூஸ்கோவில் இன்கா அரசகுலப் பெண்ணுக்கும் இசுபானியத் தளபதிக்கும் பிறந்தவர். அவர் தம் முதுமையில் இசுபானியாவிலிருந்து எழுதி 1609இல் லிஸ்பனில் வெளியிட்ட இன்கா வரலாறு மிகத் தூய இசுபானியத்தில் அமைந்தது. ஆனால் அந்நூலின் உயிர்ப்பு, தாய்மொழிச் சொல் ஒவ்வொன்றையும் வென்றவர்கள் எவ்வாறு தவறாகக் கேட்டனர் என்று அவர் விளக்கும் இடங்களில் உள்ளது. பெரு என்னும் நாட்டுப் பெயரே, ஆற்றோரம் பிடிபட்ட ஒருவன் நடுங்கிக்கொண்டு கூறிய விடையைப் புரிந்துகொள்ளாது சூட்டிய பெயர் என்கிறார். வரலாற்றாளர் அதை ஏற்கலாம், மறுக்கலாம். ஒரு நாடே தவறாகக் கேட்கப்பட்ட சொல்லின் மேல் நிற்கிறது என்னும் துயரம் மறுக்கவியலாதது.

பின்னவர் ஹோசே மரியா ஆர்கேதாஸ். 1911இல் பெருவின் மலைநாட்டு ஊராகிய அந்தாவைலாசிற் பிறந்தவர். வெள்ளையர் குடும்பத்துப் பிள்ளை. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். மாற்றாந்தாய் அவரைப் பணியாட்களோடு அடுக்களையில் தள்ளிவைத்தாள். தண்டனையாகத் தரப்பட்ட அந்த இடமே அவருக்குத் தாய்மடியாயிற்று. கெச்சுவா பேசிய அப்பணியாளரின் அன்பிலேயே அவர் வளர்ந்தார். பின்னர் இசுபானியத்தில் எழுதத் தலைப்பட்டபோது, தாம் நேசித்த மனிதர்கள் அம்மொழியிற் பொய்யாக ஒலிப்பதைக் கண்டு வருந்தினார். கெச்சுவாவில் எழுதினாற் படிப்போர் சிலர். இசுபானியத்தில் எழுதினாற் சொல்வதே திரிகிறது. இந்த இடுக்கில்தான் அவர் கலை பிறந்தது.

1958இல் வெளிவந்த 'ஆழ்ந்த ஆறுகள்' என்னும் நாவலில் ஓர் அத்தியாயத்தின் தலைப்பு 'சும்பையு'. அபன்காய் நகர விடுதிப் பள்ளியிற் பயிலும் எர்னெஸ்தோ என்னும் சிறுவன் கையில் கிடைக்கும் பம்பரத்தின் பெயர் அது. கதையை நிறுத்திவிட்டு ஆசிரியர் ஒரு விகுதியை விளக்குகிறார்: சிறு சிறகுகள் பறக்கையில் எழும் இசை, ஒருவகை ஒளி, நிலவொளியால் ஊறுபட்டுப் பிறந்த உயிர்கள் எனப் பொருள் விரிந்துகொண்டே செல்கிறது. அச்சொல்லின் முற்பாதி ரீங்காரத்தைக் குறிக்கும் இசுபானியச் சொல், பிற்பாதி கெச்சுவா விகுதி என்று திறனாய்வாளர் பலர் கருதுவர். ஒரு பம்பரத்தின் பெயரில் இரு மொழிகள் சண்டையின்றிச் சுழல்கின்றன. நாட்டில் எங்கும் நிகழாத அந்த இணக்கம் ஒரு சிறுவனின் உள்ளங்கையில் நிகழ்கிறது. அகராதி விளக்கம் கவிதையாகும் இடங்கள் உலக இலக்கியத்தில் மிகச் சில. இது அவற்றுள் ஒன்று என்பது நம் துணிபு.

ஆனால் ஆர்கேதாஸ் தாய்மொழியைத் தெய்வமாக்கி வணங்கி நிற்பவரல்லர். பள்ளித் தலைவராகிய குரு, பண்ணையில் வாழும் கொத்தடிமைகள் முன் கெச்சுவாவில் மறையுரை ஆற்றுகிறார்; இனிய, உருக்கமான கெச்சுவா. கேட்கும் ஏழைகள் தேம்பி அழுகின்றனர். அழுகையின் முடிவில் பண்ணையாருக்குப் பணிந்தோராய்க் குடிசை திரும்புகின்றனர். மக்களின் மொழியில் பேசுவதாலேயே மக்களின் பக்கம் நிற்பதாகிவிடாது என்பதைக் கத்தோலிக்க வாசகர் நெஞ்சு சுடும்படி காட்டும் பகுதி இது. தாய்மொழி வழிபாட்டைப் பெற்றுவிட்ட நிறைவில் இருக்கும் நாம், இவ்விடத்தை விரைந்து கடந்துவிடலாகாது.

அவரை மறுத்தோரும் உண்டு. பாரிசிலிருந்து எழுதிய அர்ஜென்டினரான கோர்த்தசார், தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கே தன் நாடு முழுமையாகத் தெரியும் என்னும் பொருள்பட எழுத, தாம் ஒரு வட்டாரத்தான் என்று பெருமிதத்தோடு ஆர்கேதாஸ் விடையிறுத்தார். வார்கஸ் யோசா 1996இல் தாம் எழுதிய நூலில், ஆர்கேதாசின் கனவு கடந்த காலத்தை நோக்கிய கற்பனை உலகு என்று மதிப்பிட்டார். அவரது கலைத்திறனை அந்நூல் போற்றுவதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் அம்மதிப்பீடு முழுதும் பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை. பழமையிற் பதுங்க விழைந்தவர் மீன்வணிகம் பெருகிய சிம்போத்தே துறைமுகத்தின் சேரியை, அங்கு உடைந்து கலந்து ஒலித்த பேச்சை, தம் இறுதி நாவலின் களமாக்கியிருக்க மாட்டார். அந்நாவலை முடிக்காமலேயே 1969இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் சுமந்த நோயையும் தனிமையையும் அறியாது தீர்ப்பிடும் உரிமை எவர்க்கும் இல்லை. ஈராண்டுகளின் பின், 1971இல், அருட்தந்தை குஸ்தாவோ குத்தியேரஸ் தம் விடுதலை இறையியல் நூலை இருவருக்குக் காணிக்கையாக்கினார்: ஒருவர் பிரேசிலிற் கொல்லப்பட்ட கறுப்பினக் குரு என்றிக்கே பெரைரா நேத்தோ, மற்றவர் ஆர்கேதாஸ். போர்த்துக்கீசியம் பேசிய ஆப்பிரிக்க வழியினர் ஒருவர், கெச்சுவாவில் அழக் கற்ற எழுத்தாளர் ஒருவர். இலத்தீன் அமெரிக்கா என்றால் யார் என்னும் வினாவுக்கு அந்தக் காணிக்கைப் பக்கத்தைவிடச் சுருக்கமான விடையை நாம் கண்டதில்லை.

தமிழில் இந்நாடுகளின் எழுத்துக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே வந்தன. இரு கண்ணாடிகளைக் கடந்து வரும் ஒளியில், மூலத்தில் இசுபானியத்தின் நடுவே தலைதூக்கும் பூர்வகுடிச் சொல் தன் கூர்மையை இழந்து வெறும் அயற்சொல்லாகிவிடுகிறது. மொழிபெயர்ப்போர் இதில் கருத்தூன்றுதல் நலம். கெச்சுவாவும் குவரானியும் அழிந்த மொழிகளல்ல. பராகுவே 1992இன் அரசியலமைப்பிலேயே குவரானியை இசுபானியத்தோடு ஆட்சிமொழியாக்கியது. மெக்சிகோவின் சியாப்பாஸ் மாநிலத்துச் சான் கிறிஸ்தோபல் மறைமாவட்டத்தில் அம்மக்களின் வழக்கங்களைத் தழுவிய திருப்பலி முறைகளுக்கு 2024 நவம்பரில் உரோமை இசைவளித்தது.

'ஆழ்ந்த ஆறுகள்' நாவலின் முடிவுக்கு வருவோம். பண்ணைக் குடிசைகளில் கொள்ளைக்காய்ச்சல் பரவுகிறது. தலைநிமிர்ந்து நடவாத அந்தக் கொத்தடிமைகள், காவலையும் பாலத்தையும் கடந்து, நள்ளிரவில் நகருக்குட் புகுகின்றனர். நிலத்தையோ கூலியையோ கேட்டு அல்ல; தங்களுக்காகப் பூசை வைக்க வேண்டும் என்று கேட்டு. பூசை நடந்தால் காய்ச்சல் ஓடிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. கதை நிகழும் காலத்தைக் கருதினால் அப்பூசை இலத்தீனிலேயே நிகழ்ந்திருக்கும். ஆசிரியர் அதனைச் சுட்டிச் சொல்லவில்லை. சொல்லும் நாவல் இசுபானியத்தில்; பீடத்தில் இலத்தீன்; திரண்டு நிற்போர் நாவில் கெச்சுவா. பூசை முடிந்ததும், காய்ச்சலை அதட்டி விரட்டும் கூச்சலோடும் பாட்டோடும் அவர்கள் தம் குடிசைகளை நோக்கி இருட்டில் நடக்கின்றனர். சிறுவன் விழித்திருந்து அவர்களது குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.